நட்சத்திரக் கேமராவுக்கு வைத்த பொட்டு

பொட்டைத் துடைக்கச் சொல்றீங்களா சார்? துடைக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. ஏசி வேணும்னா கூட்டறேன், பாட்டு வேண்டாம்னா நிறுத்தறேன், வழியில டீ குடிக்கணும்னா நல்ல கடையாப் பார்த்து நிறுத்தறேன். கண்ணாடியில வெச்ச சந்தனத்தை மட்டும் துடைக்கச் சொல்லாதீங்க. நேத்துத்தான் ஆயுத பூஜை. எனக்கு ரோடு நல்லாத் தெரியுது. பொள்ளாச்சி வரைக்கும் உங்களைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கறது என் பொறுப்பு.

ஒரு பொட்டுனால என்ன சார் கெட்டுப்போகும்? போன வருசத்துல இருந்து இதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்களைப் பார்த்தா படிச்சவராத் தெரியுது. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் இந்த டாக்ஸி ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு கம்பெனியில வேன் டிரைவரா இருந்தேன். பேரெல்லாம் வேண்டாம். சேட்டிலைட் பண்ற கம்பெனி. பெரிசா நினைச்சுக்காதீங்க, நல்லெண்ணெய் டின் இருக்கும்ல, அத்தனைதான் இருக்கும். அதைப் பண்றதுக்கு ஒரு கண்ணாடி ரூமு. உள்ளே போறவங்க தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணியைச் சுத்திக்கிட்டு, முகத்தை மூடிக்கிட்டு, செருப்புக்குக்கூட உறை போட்டுக்கிட்டுத்தான் போகணும். முதல் நாள் பார்த்தப்ப யாரோ செத்துப்போய் எழுந்து நடக்கறாங்கன்னு நினைச்சேன். எனக்கு உள்ளே போக அனுமதி கிடையாது. கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்க்கலாம், மீன்தொட்டி பார்க்கற மாதிரி.

அங்கேதான் சுகிர்தா வேலை பார்த்தா. சென்னிமலைப் புள்ளை. அப்பன் தறி ஓட்டறவரு. மத்த இஞ்சினியருங்க எல்லாம் வேன்ல ஏறினதும் பின்சீட்டுல உட்கார்ந்து காதுல எதையாவது மாட்டிக்குவாங்க. இவ மட்டும் முன்னாடி, என் பக்கத்துல உட்காருவா. முதல்ல ‘அண்ணா’ன்னா. "அம்மணி, உங்கப்பனுக்கே நான் அண்ணனா இருப்பேன்"ன்னு சொன்னேன். அன்னையில இருந்து ‘பெரியப்பா’. என் சம்சாரம் பெரியம்மா.

அவ வேலை அந்த டின்னுக்குக் கண்ணு வைக்கிறது. கேமராதான். கைக்கு அடக்கமா இருக்கும். முன்னாடி ஒரு கறுப்புப் புனல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பேரு குடை. இது எதுக்குன்னு ஒரு நாள் அவகிட்ட கேட்டேன்.

"பெரியப்பா, உங்க கண்ணைக் கட்டி எங்கேயோ ஒரு ரோட்டுல இறக்கி விட்டுட்டாங்கன்னு வெச்சுக்கங்க. எந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"போர்டைப் படிப்பேன்."

"போர்டு இல்லை."

"டீக்கடையில கேப்பேன்."

"டீக்கடையும் இல்லை, மனுசனும் இல்லை."

"அப்ப மலையைப் பார்ப்பேன் அம்மணி. எந்த மலை எந்தக் கையில இருக்குன்னு பார்த்தா தெரிஞ்சுபோயிடும்."

"அதேதான்"ன்னு கையைத் தட்டினா. "மேல போன பெட்டிக்குக் கிழக்கு மேற்கு கிடையாது, மேலே கீழேகூடக் கிடையாது. அப்ப இந்தக் கேமரா நட்சத்திரத்தைப் பார்க்கும். தனக்குள்ள இருக்கற வானத்துப் படத்தோட ஒத்துப் பார்க்கும். ‘ஓகோ, நான் இந்தப் பக்கம் திரும்பி இருக்கேன்’னு அதுவே புரிஞ்சுக்கும். கீழே இருந்து யாரும் சொல்ல வேண்டாம்."

"புரியலைன்னா?"

"பூமியைப் படம் எடுன்னா வெறும் ஆகாசத்தை எடுக்கும். வெயில் வாங்க வேண்டிய தகடு வெயிலுக்கு முதுகைக் காட்டும். கரண்டு தீர்ந்து செத்துப்போயிடும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு சார். அத்துவானத்துல போய் வழி தெரியாம முழிக்கிற ஒண்ணை, கூப்பிட்டாலும் திரும்பி வர முடியாத ஒண்ணை, நம்ம ஊர்ல செஞ்சு அனுப்பறாங்க. புள்ளையை மெட்ராசுக்கு அனுப்பறதுன்னாலே நெத்தியில திருநீறு வெச்சுத்தான் பஸ் ஏத்தறோம். இதுக்கு ஒண்ணுமே வேண்டாமா?

போன வருசம் ஆயுத பூஜை. எங்க எம்.டி. ரகோத்தமன் சார் இருக்காரே, அவரும் சாமி கும்பிடறவருதான். பொரி கடலை, பூசணிக்காய், வாழைக்கன்னு எல்லாம் வந்துச்சு. ஜெனரேட்டருக்குப் பொட்டு வெச்சாங்க. கம்ப்யூட்டருக்குப் பொட்டு. ஏணிக்குப் பொட்டு. காப்பி மெஷினுக்குப் பூமாலையே போட்டாங்க சார்! காப்பி மெஷினுக்கு! அது என்ன சாதிச்சிருச்சு, தினம் ரெண்டு தடவை அடைச்சுக்கறதைத் தவிர? கண்ணாடி ரூமுக்கு மட்டும் கிடையாதாம். ரகோத்தமன் சார் கதவுக்கு வெளியே நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு. எது ஊரை விட்டுப் போகப்போகுதோ அதுக்கு ஒண்ணும் இல்லை. இங்கேயே கிடக்கப்போற காப்பி மெஷினுக்கு மாலை. இது எந்த ஊரு நியாயம்?

மறுநாள் விடியக்காலம் நானும் சுகிர்தாவும் கடம்பூர் மலைக்குக் கேமராவைக் கொண்டுபோகணும். சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்குதே, அந்தக் கடம்பூர். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துல வானத்தைக் காட்டி அது சரியாச் சொல்லுதான்னு கடைசித் தடவை பார்க்கணும். அது முடிஞ்சா ராக்கெட்டுக்கு அனுப்பிடலாம். பூஜை முடிஞ்சதும் ஆபீஸைப் பூட்டிட்டு எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்கன்னு, அவ சாயங்காலமே கேமராப் பெட்டியைக் கொண்டுவந்து வேன்ல வெச்சா. "எங்கேயும் போயிடாதீங்க பெரியப்பா"ன்னா. "நான் வண்டியிலயேதான் படுப்பேன், நீ போ"ன்னேன்.

அவ போனதும் வண்டிக்குப் பூஜை போட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்குப் பூ, கண்ணாடிக்குச் சந்தனம். இந்தப் பெட்டி பின்னாடி இருக்கு. என் வண்டியில ஏறினது எதுவும் எனக்குச் சரக்கு இல்லை சார், பயணி. உங்களை மாதிரி. எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் விட்டா மனசு கேக்குமா? திறந்தேன்.

எனக்கும் புத்தி இருக்கு. கண்ணாடியில வைக்கலை. குடைக்கு வெளிப்பக்கம், விளிம்புல, கடுகளவு சந்தனம், அது மேல குங்குமம். அவ்வளவுதான். அப்புறம் சாம்பிராணி. மூடி போட்டிருந்துச்சு, கழட்டினேன். முகத்தை மூடிட்டா சார் புகை காட்டறது? தணல்ல சாம்பிராணியைத் தூவி, விசிறியால நல்லா விசிறி, குடைக்குள்ள வரைக்கும் புகை போற மாதிரி காட்டினேன். "கண்ணு, எங்கே போனாலும் வழி தப்பாதே"ன்னு சொன்னேன். மூடியைப் போட்டு, எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சுப் பூட்டிட்டேன். இதுல என்ன தப்பு? சொல்லுங்க. திருடினேனா? உடைச்சேனா?

மறுநாள் கடம்பூர்ல ஒரு பள்ளிக்கூட மைதானம். பொழுது சாய்ஞ்சதும் அவ முக்காலி போட்டு, கேமராவை அதுல மாட்டி, கம்ப்யூட்டரை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா. நான் யானை வருதான்னு பார்த்துக்கிட்டு நின்னேன். நிலா இருந்துச்சு. வேணும்னே நிலா இருக்கற நாளாத்தான் எடுத்திருந்தாங்க. பக்கத்துல வெளிச்சம் இருந்தாலும் ஏமாறாம நட்சத்திரத்தை மட்டும் பார்க்கத் தெரியணும், அதுக்குத்தான் அந்தக் குடை.

அதுக்கு முந்தின தடவை இதே இடத்துல, காட்டின உடனே கம்ப்யூட்டர்ல பச்சை எழுத்து வந்துச்சு. இவ எழுந்து ஒரு ஆட்டமே ஆடினா. இந்தத் தடவை சிவப்பு. திருப்பி வெச்சுப் பார்த்தா, சிவப்பு. திரையில வானம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. "பனியா இருக்கும் அம்மணி"ன்னேன். "பனியே இல்லை பெரியப்பா"ன்னா. ஒயரைக் கழட்டி மாட்டினா. எல்லாத்தையும் அணைச்சுப் போட்டா. கடைசியில டார்ச்சை எடுத்து அந்தக் குடைக்குள்ள அடிச்சுப் பார்த்தா. அப்புறம் மூக்கை வெச்சு மோந்து பார்த்தா சார்.

"பெரியப்பா, பெட்டியைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். பூஜை போட்டேன்." நான் எதுக்கு மறைக்கணும்?

"மூடியை?"

"கழட்டாம எப்படி?"

மண்ணுலயே உட்கார்ந்துட்டா. அழுவாளோன்னு பார்த்தேன், சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. "பொட்டு வெளியேதான் வெச்சேன், வந்து பாரு"ன்னு சொன்னேன். "பொட்டு இல்லை பெரியப்பா. சாம்பல். நீங்க விசிறினீங்கல்ல, தணல்ல இருந்து சாம்பல் பறந்து உள்ளே போய் ஒட்டியிருக்கு. குடைக்குள்ள பூசியிருக்கறது சும்மா கறுப்புப் பெயின்ட் இல்லை. விழுந்த வெளிச்சத்தை எல்லாம் முழுங்கிடற கறுப்பு. இப்ப அது மேல சாம்பல் இருக்கு, நிலா வெளிச்சம் பட்டுத் தெறிக்குது. நட்சத்திரம் அதுல கரைஞ்சுபோகுது."

"அவ்வளவுதானே, துண்டைக் கொடு, துடைச்சு விடறேன்."

"துடைச்சா கறுப்பே உரிஞ்சு வந்துடும். இதை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் திரும்பப் பூசணும். அதுக்குள்ள ராக்கெட் போயிடும்."

எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட மாட்டேன்னுட்டா. மலை மண்ணு பறக்காதா சார்? அங்கே வரைக்கும் போற வழி எல்லாம் புழுதி. ரோடு போடறாங்க. அதெல்லாம் கணக்குல வராது, என் சாம்பிராணி மட்டும்தான் கணக்குல வரும்!

அதையும் பொறுத்துக்கிட்டேன். இறங்கி வரும்போது சொன்னா பாருங்க, "பெரியப்பா, பூஜை போட்டதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் பார்த்துக்கறேன்"ன்னு. அதுதான் எனக்கு ஆறலை. ஏன் சொல்லக் கூடாது? சாமி கும்பிட்டதை மறைக்கிறதுக்கு நான் என்ன சாராயமா காய்ச்சினேன்? படிச்சதும் இவளுக்குப் பொட்டு வெக்கமாப் போயிருச்சுன்னு நினைச்சேன். மலை இறங்கற வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவளைத்தான். நான் காலிப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவுக்கு வெளியே நிக்கறேன். கதவு பாதி திறந்திருக்கு. ரகோத்தமன் சார் கேக்கறாரு, "உள்ளே சாம்பல் எப்படி வந்துச்சு?"

இவ சொல்றா சார்: "நான்தான் சார். கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்னு ராத்திரி பெட்டியை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிட்டேன். ரூம்ல சாம்பிராணி போட்டிருந்தாங்க. நான் கவனிக்கலை."

எனக்குத் தலை சுத்திருச்சு. பச்சைப் பொய்! பெட்டி ராத்திரி முழுக்க என் வண்டியில இருந்துச்சு, என் தலைமாட்டுல. நான் கும்பிட்ட சாமி, நான் போட்ட சாம்பிராணி, யாரோ ஹாஸ்டல்ல கொசுவுக்குப் போட்டதுன்னு ஆக்கிட்டா!

ரகோத்தமன் சார், "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை. சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த ராக்கெட்டுக்குத் தயார் பண்ணு. இனிமே பெட்டி உன் கைக்கு வராது, இன்னொருத்தர் கூட இருப்பாங்க"ன்னாரு. அவ்வளவுதான் சார், அதோட முடிஞ்சுது. அவ எழுந்து வெளியே வர்றா.

நான் உள்ளே போனேன். "பொய்ங்க சார்!"ன்னேன்.

சுகிர்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டறா, வேண்டாம் வேண்டாம்னு. கண்ணால கெஞ்சறா. எதுக்குக் கெஞ்சறா? மாட்டிக்கிட்டோமேன்னு பயம்தான். நான் விடுவேனா? "பூஜை போட்டது நானு. மூடியைக் கழட்டினது நானு. இந்தப் புள்ளை பெட்டியை எங்கேயும் கொண்டுபோகலை. மலையிலயே இவகிட்ட சொன்னேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு எனக்கே சொல்லிக் கொடுத்தா"ன்னு எல்லாத்தையும் போட்டு உடைச்சேன். எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒரு நாளும் பொய் பேசினவன் இல்லை. என் முன்னாடி இன்னொருத்தர் பேசினாலும் எனக்குப் பொறுக்காது.

நான் சொன்னதும் அந்த மனுசன் எனக்கு ஒரு சபாஷ் சொல்லியிருக்கணுமா இல்லையா? என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினாரு. சத்தம்கூடப் போடலை.

"சாம்பல் விழுந்ததை மன்னிச்சேன் சுகிர்தா. நடக்காததை நடந்ததாச் சொன்னதை எப்படி மன்னிக்கிறது? மேல போன பிறகு இது ஏதாவது தப்புப் பண்ணினா நாம தொட்டுப் பார்க்க முடியாது. நீ சொல்றது ஒண்ணைத்தான் நான் நம்பணும். இனிமே எப்படி நம்புவேன்?"

அவ கழுத்துல மாட்டியிருந்த அட்டையைக் கழட்டி மேசை மேல வெச்சா.

எனக்கு என்ன சொல்லப்போறாங்கன்னு நான் காத்துக்கிட்டு இருக்கலை. வேன் சாவியைத் தூக்கி மேசையில போட்டேன். "காப்பி மெஷினுக்கு மாலை போடற கம்பெனியில எனக்கு வேலை வேண்டாம்"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாசல்ல அவ ஆட்டோவுக்கு நிக்கறா. கிட்டப் போய், "ஏன் அம்மணி பொய் சொன்னே?"ன்னு கேட்டேன். என்னைப் பார்த்தா. "பெரியப்பா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"ன்னா. என்னை! அவ அப்பன் வயசுக்காரனை! ஆட்டோ ஏறிப் போயிட்டா. இப்ப பெங்களூர்ல இருக்காளாம். கேமரா வேலை இல்லையாம், என்னவோ துணிக்கடைக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதற வேலையாம். அத்தனை படிப்பும் அதுக்குத்தானா? யார் அவளைப் பொய் சொல்லச் சொன்னது?

இதுல எனக்குத்தான் சார் நட்டம். அந்தக் கம்பெனி இன்சூரன்சுல என் சம்சாரத்துக்கு முட்டி ஆபரேஷன் பண்றதா இருந்துச்சு. டிரைவர் வீட்டாளுங்களுக்கு எல்லாம் கிடையாதுன்னு முதல்ல சொன்னாங்க. சுகிர்தாதான் ஆபீஸ்ல நின்னு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தா. தை மாசம் ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருந்தாங்க. சாவியைப் போட்டுட்டு வந்ததோட அதுவும் போச்சு. இப்ப சம்சாரம் படி ஏறும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியிலயும் என் பேரைச் சொல்லாம என்னைத் திட்டறா. அவளும் அந்தப் புள்ளை பக்கம்தான். ஒரு நாள் சோத்தைப் போட்டுட்டுக் கேக்கறா, "ஏனுங்க, அந்தப் புள்ளை எதுக்குப் பழியைத் தன் மேல போட்டுக்கிச்சுன்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கறேன்?"

"அப்ப சாப்பிடுங்க"ன்னு எழுந்து போயிட்டா. காலை இழுத்துக்கிட்டு.

போன வாரம் பேப்பர்ல போட்டிருந்தான். அந்த டின் அடுத்த மாசம் போகுதாம். கேமராவுக்குத் திரும்பக் கறுப்புப் பூசிட்டாங்களாம், எல்லாம் பிரமாதமா வேலை செய்யுதாம். ரகோத்தமன் சார் படம், பக்கத்துல யாரோ ரெண்டு பசங்க, பல்லைக் காட்டிக்கிட்டு. நம்ம புள்ளை பேரு எங்கேயும் இல்லை சார். எழுத்துக் கூட்டிக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன். பார்த்துப் பார்த்துக் கண்ணு வெச்சவ அவ, போட்டோவுல நிக்கறது இன்னொருத்தன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பேப்பரைக் கிழிச்சுக் காவாயில போட்டேன். அப்புறம் கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்கினேன், அது வேற விசயம்.

அவளுக்குச் சொல்லலாம்னு போன் போட்டேன். எடுக்கலை. ஒரு வருசமா எடுக்கறதில்லை. தீபாவளிக்குப் போட்டேன், எடுக்கலை. பொங்கலுக்குப் போட்டேன், எடுக்கலை. உண்மையைச் சொன்னவன் கிட்டப் பேச மாட்டாளாம், அவ்வளவு ரோசம்!

சார், உங்க போனைக் கொஞ்சம் கொடுங்களேன். இல்லை இல்லை, எனக்கு வேண்டாம், நான் வண்டி ஓட்டறேன். நீங்களே போடுங்க. வேற நம்பர்னா எடுப்பா. நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்றேன். நான் பேச மாட்டேன். நீங்க கேளுங்க, ஒண்ணே ஒண்ணு: வெள்ளியங்கிரி டிரைவர் கேக்கச் சொன்னாரு, எதுக்கும்மா அன்னைக்குப் பொய் சொன்னே? அவ்வளவுதான். அதுக்கு மட்டும் பதில் தெரிஞ்சா போதும்.

ரிங் போகுதா?

எடுத்துட்டாளா? பேரைச் சொல்லுங்க. வெள்ளியங்கிரி டிரைவருன்னு சொல்லுங்க... சொன்னீங்களா? கேளுங்க, கேளுங்க. ஏன் பொய் சொன்னேன்னு கேளுங்க.

என்ன சொல்றா?

என்ன?

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சான்னு கேக்கறாளா?

அவ என்ன சார், கேட்டதுக்குப் பதில் சொல்லாம... நான் என்ன கேக்கறேன், அவ என்ன கேக்கறா! ஆபரேஷனைப் பத்தி இப்ப யாரு கேட்டா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க சார். அதை விட்டுட்டு முட்டி, ஆபரேஷன்னு... அவளுக்கு எதுக்கு என் பொண்டாட்டி முட்டி...

இருங்க. இருங்க சார். கட் பண்ணிடாதீங்க. இருக்கச் சொல்லுங்க. வண்டியை ஓரமா நிறுத்திக்கறேன்.